காற்று பட்டால் சாகும் கிருமிகள் குடியிருப்பது எங்கே?

மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு ஒரே ஒரு நிமிஷம் இருந்து பாருங்கள். முகம் சிவந்து, நெஞ்சு அடைத்து, 'போதுமடா சாமி' என்று கையை எடுத்துவிடுவீர்கள். பிராணவாயு இல்லையென்றால் நமக்கு வாழ்வில்லை. ஆடு, மாடு, காக்கை, குருவி எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

ஆனால், அதே பிராணவாயு சில ஜீவன்களுக்கு விஷம். காற்று பட்டாலே செத்துப்போகும் பாக்டீரியாக்கள் உண்டு. ஆங்கில மருத்துவத்தில் 'அனேரோப்' என்பார்கள். நாம் 'காற்றில்லாக் கிருமிகள்' என்றே வைத்துக்கொள்வோம்.

"எங்கேயோ கடலுக்கு அடியில் இருக்கும், நமக்கென்ன?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இந்த வரியைப் படிக்கும் நேரத்தில் உங்கள் வயிற்றுக்குள்ளேயே அவை கோடி கோடியாக இருக்கின்றன. பல் ஈறில், கொல்லை மண்ணில், கழிவுநீர்த் தொட்டியில், சமையலறையில்கூட இருக்கின்றன. இருக்க வேண்டிய இடத்தில் இருந்தால் நமக்கு உதவி செய்கின்றன. இடம் மாறிவிட்டால் உயிரையே எடுத்துவிடுகின்றன. அதனால்தான் இவற்றின் விலாசம் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்திருக்க வேண்டும். கைக்குழந்தை இருக்கும் வீடு என்றால் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

மிளகுத் தண்ணீரில் தெரிந்த அதிசயம்

இந்தக் கிருமிகளை முதலில் பார்த்தவர் ஒரு துணி வியாபாரி! ஹாலந்து நாட்டில் டெல்ஃப்ட் என்ற ஊர்க்காரரான லீவன்ஹூக், தானே கண்ணாடி தேய்த்து மைக்ராஸ்கோப் செய்துகொண்டவர். 1680-ல் இரண்டு கண்ணாடிக் குழாய்களில் மிளகுத் தூளையும் சுத்தமான மழைத் தண்ணீரையும் போட்டார். ஒன்றைத் திறந்து வைத்தார். மற்றதை நெருப்பில் உருக்கிக் காற்றுப் புகாமல் மூடினார். சில நாள் கழித்து மூடியதை உடைத்தபோது உள்ளிருந்து வாயு பீறிட்டது. அந்தத் தண்ணீரிலும் உயிர்கள் நெளிந்துகொண்டிருந்தன. காற்றில்லாமல் எப்படி என்று அவருக்கே ஆச்சரியம்.

சுமார் 180 வருஷம் கழித்து, 1861-ல், பிரான்சு நாட்டின் லூயி பாஸ்டர் இதைத் தெளிவாக்கினார். ஒரு சொட்டு திரவத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். சொட்டின் ஓரத்தில், காற்று படும் இடத்தில் இருந்த கிருமிகள் அசைவற்றுக் கிடந்தன. நடுவில் இருந்தவை மட்டும் ஓடியாடின. காற்று அவற்றுக்கு ஆகாது என்பது அப்போதுதான் புரிந்தது.

ஏன் ஆகாது? பிராணவாயு உடலில் எரியும்போது, இரும்பைத் துரு அரிப்பதுபோல் அரிக்கக்கூடிய சில கழிவுப் பொருட்கள் உண்டாகின்றன. அவற்றைச் செயலிழக்க வைக்கும் என்சைம்கள் நம் உடலில் தாராளமாக உண்டு. இந்தக் கிருமிகளிடம் அவை இல்லை, அல்லது போதுமான அளவு இல்லை. இதில் அவற்றின் தப்பு ஒன்றுமில்லை. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை பூமியின் காற்றில் பிராணவாயு என்பதே கிட்டத்தட்ட இல்லை. அப்போதே குடியிருந்த பழைய குடித்தனக்காரர்கள் இவை. நாம்தான் பின்னால் வந்தவர்கள்! பிராணவாயு பெருகியதும் அது எட்டாத இண்டு இடுக்குகளில் போய் ஒளிந்துகொண்டன.

ஆக, விலாசம் கண்டுபிடிப்பது சுலபம். 'காற்று எங்கே போகாது?' என்று கேளுங்கள். அங்கே இவை இருக்கும்.

முதல் வீடு: உங்கள் பெருங்குடல்

தாயின் வயிற்றிலிருந்து வெளியே வந்த சில மணி நேரத்திலேயே குழந்தையின் குடலில் கிருமிகள் குடியேறத் தொடங்கிவிடுகின்றன. காற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிழைத்துக்கொள்ளும் ஈ.கோலை போன்றவைதான் பெரும்பாலும் முதலில் வரும். முதல் பந்தியில் உட்கார்ந்து, குடலில் உள்ள கொஞ்சநஞ்சப் பிராணவாயுவையும் அவை காலி செய்துவிடும். அடுத்த பந்தி காற்றில்லாக் கிருமிகளுக்கு. தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் மலத்தில் 'பிஃபிடோ' என்ற நல்ல பாக்டீரியா இருப்பதை 1899-ல் பாரிசில் டிஸ்ஸியே என்ற மருத்துவர் கண்டுபிடித்தார். தாய்ப்பாலில் குழந்தையால் செரிக்க முடியாத சில சர்க்கரைகள் உண்டு. அவை இந்தக் கிருமிக்கான சாப்பாடு! குழந்தைக்கு மட்டுமல்ல, குழந்தையின் காவலாளிக்கும் சேர்த்துத்தான் தாய் பால் சுரக்கிறாள்.

வளர்ந்தவரின் மலத்தில் ஒரு கிராமில் சுமார் பத்தாயிரம் கோடி பாக்டீரியாக்கள் இருக்கும். அவற்றில் மிகப் பெரும்பாலானவை காற்றில்லாக் கிருமிகள்தான். நாம் செரிக்க முடியாமல் விட்ட நார்ச்சத்தை அவை நொதிக்க வைத்து, 'பியூட்டிரேட்' போன்ற அமிலங்களைத் தயாரிக்கின்றன. பெருங்குடலின் உள்சுவருக்கு அதுதான் முக்கிய ஆகாரம். வாழைத்தண்டு, கீரைத்தண்டு, கொத்தவரங்காய், அவரை, பயறு, கேழ்வரகு, கம்பு இவற்றைச் சாப்பிடச் சொல்வது மலச்சிக்கலுக்காக மட்டுமல்ல, இந்த வேலைக்காரர்களுக்குப் படியளக்கவும்தான்.

வேலை நடக்கும் இடத்தில் புகை வராமல் இருக்குமா? இவை நொதிக்கும்போது ஹைட்ரஜன், கரியமில வாயு, சிலருக்கு மீத்தேனும் உண்டாகும். கீழே பிரிந்து போகும் வாயுவில் பெரும் பங்கு இதுதான். நாங்கள் இதை அபான வாயு என்போம். அடக்கக் கூடாத பதினான்கு வேகங்களில் இதையும் ஒன்றாகச் சித்த மருத்துவம் சேர்த்திருக்கிறது. சபையில் சங்கடம்தான், என்ன செய்வது? எழுந்து போய்விட்டு வாருங்கள். அடக்காதீர்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இரண்டு முறை வயிறு போனால் உடனே மருந்துக் கடைக்குப் போய், "அந்த வெள்ளை மாத்திரை நாலு குடுப்பா" என்று ஆன்டிபயாட்டிக் வாங்கி விழுங்குகிறவர்கள் ஜாஸ்தி. அது கெட்டதை மட்டும் பார்த்து அடிக்காது, நல்ல குடித்தனக்காரர்களையும் சேர்த்துக் காலி செய்யும். காலியான இடத்தில் 'டிஃபிசில்' என்ற முரட்டுக் கிருமி வந்து உட்கார்ந்துகொண்டு கடுமையான பேதியை உண்டாக்கும். வயதானவர்களுக்கு இது உயிராபத்தாகவும் முடியலாம். மருத்துவர் எழுதிக் கொடுத்தால் சொன்ன நாள் வரை ஒழுங்காகச் சாப்பிடுங்கள். நீங்களே மருத்துவர் ஆகாதீர்கள்.

இரண்டாவது வீடு: ஈறும் நாக்கும்

"வாய் திறந்துதானே இருக்கிறது, அங்கே காற்றில்லாத இடம் ஏது?" என்று கேட்பீர்கள். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே ஒரு சின்னப் பள்ளம் உண்டு. அழுக்குப் படிந்து காறையாக இறுகினால் பள்ளம் ஆழமாகும். ஆழமானால் காற்று எட்டாது. அப்புறம் கேட்க வேண்டுமா? ஈறு வீக்கம், ரத்தக் கசிவு, கடைசியில் பல் ஆட்டம். நாக்கின் பின்பகுதியில் வெள்ளையாகப் படியும் மாவுக்கு அடியிலும் இதே கூட்டம்தான். புரதத்தைச் சிதைத்துக் கந்தக வாயுக்களை விடுவதால்தான் வாய் நாற்றம்.

ஏலக்காய் மென்றால் நாற்றம் மறையும், கிருமி போகாது. காலையிலும் இரவு படுக்கும் முன்பும் பல் துலக்கி, நாக்கையும் மென்மையாக வழியுங்கள். வேப்பங்குச்சியானாலும் சரி, பிரஷ்ஷானாலும் சரி, ஈறின் ஓரம் வரை போக வேண்டும். இறுகிய காறையைப் பல் மருத்துவர்தான் எடுக்க முடியும். சர்க்கரை நோயாளிகள் ஈறில் ரத்தம் கண்டால் தள்ளிப்போட வேண்டாம். ஈறு நோய் சர்க்கரையைக் கூட்டும், சர்க்கரை ஈறு நோயைக் கூட்டும்.

மூன்றாவது வீடு: சேறும் தொட்டியும்

தண்ணீர் நிற்கும் நெல் வயலில் காலை வைத்தால் 'குபுக் குபுக்' என்று குமிழி வரும், பார்த்திருக்கிறீர்களா? சேற்றுக்கு அடியில் இந்தக் கூட்டம் விடும் மீத்தேன் அது. இத்தாலியில் மஜ்ஜோரே ஏரிச் சேற்றிலிருந்து வந்த அந்த வாயுவை 1776-ல் பிடித்து, பற்ற வைத்துக் காட்டினார் வோல்ட்டா. பிச்சாவரம் சதுப்புக் காட்டுக்குப் போனால் கறுப்புச் சேற்றில் அழுகிய முட்டை வாடை அடிக்கும். அதுவும் இவற்றின் கைங்கரியம்தான். மாட்டின் முதல் இரைப்பையும் இப்படிக் காற்றில்லாத அறைதான். வைக்கோலைப் பாலாக்கும் வித்தை மாட்டுக்கு மட்டும் தெரிந்ததல்ல, இவற்றின் உதவியோடு நடப்பது. சாணத்தைக் கலனில் அடைத்து அதே வேலையை வெளியே செய்ய வைத்தால் சாண எரிவாயு. அடுப்பு எரியும்!

ஆனால், வீட்டுக் கழிவுநீர்த் தொட்டியில் இதே வேலை நடக்கும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயுவும் சேருகிறது. இது நயவஞ்சகமான வாயு. கொஞ்சமாக இருந்தால் மூக்கைத் துளைக்கும். அளவு கூடினாலோ மோப்ப நரம்பையே மரத்துப்போகச் செய்துவிடும். 'வாடை இல்லை' என்று நம்பி உள்ளே இறங்குகிறவர் அப்படியே சாய்கிறார். காப்பாற்ற இறங்குகிறவரும் சாய்கிறார். தொட்டியைச் சுத்தம் செய்ய ஆளை உள்ளே இறக்குவது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சட்டம் இருக்கட்டும், அது ஒரு மனித உயிர். "ரெண்டு நிமிஷ வேலைதாம்ப்பா" என்று யாரையும் இறக்காதீர்கள். லாரி வைத்து உறிஞ்சச் சொல்லுங்கள்.

இடம் மாறினால்... ரண ஜன்னி

காற்றில்லாக் கிருமிகளில் சில, காற்று பட்டதும் சாவதற்குப் பதிலாக, கெட்டியான ஓட்டுக்குள் விதைபோல் சுருங்கிக்கொள்ளும். இந்த 'வித்து' வருஷக்கணக்கில் மண்ணில் கிடக்கும். வெயில், பனி எதுவும் ஒன்றும் செய்யாது. டெட்டனஸ் என்னும் ரண ஜன்னிக் கிருமி அப்படிப்பட்டது. தோட்டத்து மண்ணிலும், குதிரை, மாட்டுச் சாணத்திலும் இதன் வித்துகள் உண்டு.

"துருப்பிடித்த ஆணி குத்தினால் ஜன்னி வரும்" என்கிறோம். துரு குற்றவாளி இல்லை. ஆணி ஆழமாகக் குத்துகிறது, கூடவே மண்ணைக் கொண்டுபோகிறது. மேல்தோல் சீக்கிரம் மூடிக்கொள்கிறது. உள்ளே காற்றில்லாத ஒரு சின்ன அறை தயார்! வித்து முளைத்து நஞ்சைக் கக்கும். பெரும்பாலும் 3 நாளிலிருந்து 21 நாளுக்குள் தாடை இறுகி, உடம்பு வில்லாக வளையும். புத்தம் புது ஆணியோ முள்ளோ குத்தினாலும் இது நடக்கலாம். 1889-ல் ஜப்பானிய விஞ்ஞானி கிட்டசாட்டோ, பெர்லினில் இந்தக் கிருமியைத் தனியே பிரித்து வளர்த்ததும் காற்றை விலக்கித்தான்.

1914-ல் தொடங்கிய முதல் உலகப் போரில், எரு போட்டு உழுத வயல்களில் சிப்பாய்கள் குண்டடிபட்டு விழுந்தார்கள். காயத்தை உடனே தைத்து மூடியவர்களுக்கு உள்ளே தசை அழுகி வாயு கட்டியது. செத்த தசையை வெட்டி எடுத்துவிட்டு, காயத்தைத் தைக்காமல் சில நாள் திறந்தே வைத்தபோது பலர் பிழைத்தார்கள். பாடம் இதுதான்: அழுக்கை உள்ளே வைத்து மூடாதே.

நம் வீடுகளில் நடப்பது என்ன? வெட்டுக் காயத்தில் காப்பித்தூளை அப்புகிறார்கள். மண்ணை வைத்துக் கட்டுகிறார்கள். அந்தக் காலத்தில் குழந்தையின் தொப்புள்கொடியில் சாணமும் சாம்பலும் வைத்தார்கள். 1988-ல் மட்டும் உலகம் முழுதும் சுமார் 7,87,000 பச்சிளங்குழந்தைகள் ரண ஜன்னியில் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசியும் சுத்தமான பிரசவமும் பரவியதால், ஆயிரம் பிறப்புக்கு ஒன்றுக்கும் கீழே இதைக் குறைத்த நாடு என்று 2015-ல் இந்தியா அங்கீகாரம் பெற்றது. கிருமி ஒழியவில்லை, மண்ணில் அப்படியேதான் இருக்கிறது. நாம் காவலை விட்டால் திரும்பி வரும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். ஆழமான குத்து, மண்ணும் சாணமும் பட்ட காயம் என்றால் அன்றே மருத்துவரிடம் போங்கள். குழந்தைகளுக்கு அட்டவணைப்படி தடுப்பூசி, 10 வயதிலும் 16 வயதிலும் டி.டி. ஊசி. பெரியவர்களுக்குப் பத்து வருஷத்துக்கு ஒரு முறை. அழுக்குக் காயம் என்றால் கடைசி ஊசி போட்டு ஐந்து வருஷம் தாண்டியிருந்தாலே இன்னொன்று தேவைப்படும். ஜன்னி ஒரு முறை வந்து பிழைத்தவருக்கும் எதிர்ப்பு சக்தி வராது, ஊசி போட்டே ஆக வேண்டும். இதற்குச் சித்த மருத்துவத்தில் மாற்று உண்டா என்று என்னைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். இல்லை. ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

சமையலறையில் ஒளிந்திருப்பவை

முதலில் நல்ல செய்தி. இட்லி மாவு பொங்குவது 'லியூக்கோநாஸ்டாக்' என்ற பாக்டீரியாவின் தயவில். காற்று இல்லாமலும் வாழத் தெரிந்த நல்ல பிள்ளை அது.

அடுத்தது விசேஷ வீட்டுச் சமாசாரம். பெரிய அண்டாவில் கறிக் குழம்பு கொதிக்கிறது. கொதியில் காற்று வெளியேறிவிடுகிறது, ஆனால் 'பெர்ஃப்ரிஞ்சன்ஸ்' என்ற கிருமியின் வித்து சாகாது. மூடி வைத்த அண்டா மெல்ல மெல்ல ஆறும்போது, அந்த இளஞ்சூட்டில் அது மளமளவென்று பெருகும். மறுநாள் அதை லேசாகச் சுட வைத்துச் சாப்பிட்டவர்களுக்கு வயிற்றைப் பிசைந்துகொண்டு பேதி. மிஞ்சியதைச் சின்னச் சின்னப் பாத்திரங்களில் பிரித்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுபடி எடுத்தால் தளதளவென்று கொதிக்க விடுங்கள்.

மூன்றாவதுதான் பயங்கரமானது. பாட்டுலினம்! பெல்ஜியத்தில் எல்லசெல் என்ற ஊரில் 1895-ல் ஒரு சாவு வீட்டில் வாத்தியம் வாசித்தவர்கள் பதப்படுத்திய பன்றிக்கறி சாப்பிட்டார்கள். மூன்று பேர் இறந்தார்கள். அந்தக் கறியிலிருந்து இந்தக் கிருமியைப் பிரித்தெடுத்தார் வான் எர்மென்ஜெம். நரம்பைச் செயலிழக்கச் செய்யும் இதன் நஞ்சு, நாம் அறிந்த நஞ்சுகளிலேயே மிகக் கொடியவற்றில் ஒன்று. டப்பா உணவு உப்பியிருந்தால் 'கெட்டுப்போச்சா பார்ப்போம்' என்று நாக்கில்கூட வைக்காதீர்கள், தூக்கி எறியுங்கள். புளிப்பு ஏறிய பண்டத்தில் இது வளராது. அதனால் நம் எலுமிச்சை, மாங்காய் ஊறுகாய்க்குப் பயமில்லை. ஆனால், பச்சைப் பூண்டைப் புளிப்பில்லாமல் வெறும் எண்ணெயில் மூழ்க வைத்து வெளியிலேயே வைக்கக் கூடாது. எண்ணெயும் காற்றுக்கு ஒரு மூடிதான்.

பச்சிளங்குழந்தைக்குத் தேன் வேண்டாம்

இனி சொல்லப்போவதைத் தாத்தா பாட்டிகள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும். தேன் நல்லதுதான். எங்கள் மருந்துகளுக்கு முக்கியமான அனுபானமே அது. ஆனால், பாட்டுலினத்தின் வித்து சில சமயம் தேனில் கலந்திருக்கும். நமக்கு ஒன்றும் ஆகாது, ஏனென்றால் நம் பெருங்குடலில் பழைய குடித்தனக்காரர்கள் இடம் கொடுக்க மாட்டார்கள். ஒரு வயது ஆகாத குழந்தையின் குடலில் அந்தக் காவல் படை இன்னும் முழுதாகச் சேரவில்லை. வித்து அங்கேயே முளைத்து, அங்கேயே நஞ்சைச் சுரக்கும். இப்படி ஒரு நோய் உண்டென்று 1976-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் கண்டறிந்தார்கள். அபூர்வமான வியாதிதான். ஆனாலும் வந்தால் குழந்தையின் மூச்சுத் தசையே தளர்ந்துவிடும்.

அதனால், பிறந்ததும் நாக்கில் தேன் தொட்டுச் சேனை வைப்பதை விட்டுவிடுங்கள். "நாங்களெல்லாம் அப்படி வளரலையா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். வளர்ந்தவர்கள்தான் இன்று கேட்க முடியும். தப்பாதவர்கள் வந்து சொல்ல மாட்டார்கள் இல்லையா? பெரியவர் கை பட வேண்டும், அவ்வளவுதானே? தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்யுங்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். இடையில் மருந்து தர வேண்டியிருந்தால் மருத்துவரைக் கேட்டுத் தாய்ப்பாலில் கொடுக்கலாம்.

"தேனைக் காய்ச்சிக் கொடுத்தால்?" பயனில்லை. வித்தைக் கொல்லக் கொதிநிலை போதாது. பிரஷரில் 121 டிகிரி வரை போக வேண்டும். "சுத்தமான மலைத்தேன் ஆச்சே?" சுத்தமான தேனிலும் வித்து இருக்கலாம், கலப்படத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. "விரல் நுனி அளவுதானே?" வித்து கண்ணுக்குத் தெரியாதது, விரல் நுனி தாராளம். குழந்தைக்கு ஒரு வயது தாண்டிய பிறகு தேன் கொடுங்கள், தடையில்லை.

தேன் கொடுத்துவிட்டீர்கள் என்றால் பயந்து நடுங்க வேண்டாம், கவனித்துக்கொண்டிருங்கள். மலம் போகாமல் சிக்கல், அழுகை சன்னமாவது, பால் உறிஞ்சத் தெம்பில்லாமை, இமை தொங்குவது, கழுத்து நிற்காமல் துவள்வது இவை தெரிந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்காமல் குழந்தைகள் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். "பத்து நாள் முன்னால் தேன் வைத்தோம்" என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை மருத்துவருக்குப் பெரிய துப்பு.